டயருக்குக் காற்று: ஒரு சிறிய வரலாறு



இந்த இதழுக்கு டயர் காற்றைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னதும் என் மனைவி சிரித்தாள். "முப்பத்தெட்டு வருஷம் பாங்க்ல கணக்கு எழுதிட்டு, இப்போ காத்துக்குக் கணக்கு எழுதப் போறீங்களா?" என்றாள். எழுத வேண்டியதாகிவிட்டது. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெருநகர் என் சொந்த ஊர். பெயர்தான் பெருநகர், உண்மையில் கிராமம். குடவோலைக் கல்வெட்டுக்குப் பெயர் பெற்ற உத்திரமேரூரின் வட்டத்தில், காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. பிரம்மபுரீஸ்வரர் கோயில் தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் பலவும் செய்யாற்றில் வந்து கூடும். போன தைப்பூசத்துக்கு நானும் மனைவியும் காரில் போயிருந்தோம். அக்கா இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். வயது 74, ஆஸ்துமா உண்டு. இரவு பதினொரு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். "காஞ்சிபுரம் பக்கம்தானே, கார் வாசலில் நிற்கிறது, நாமே போய்விடலாம்" என்று நினைத்தேன். அது முதல் தவறு.

ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்போம். ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடது முன் டயர் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. சரி, ஸ்டெப்னியை மாற்றலாம் என்று டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. கார் வாங்கி நான்கு வருடம். ஒரு நாளும் ஸ்டெப்னிக்குக் காற்று பார்த்ததில்லை. தினமும் மாலையில் கல்லாவைப் பைசா பாக்கியில்லாமல் சரிபார்த்தவன் நான். இது இரண்டாவது தவறு.

108-க்குப் போன் செய்து இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறிய சரக்கு வண்டி நின்றது. இருபத்தைந்து வயதுப் பையன். "என்ன சார், பஞ்சரா?" என்று இறங்கினான். தன் சீட்டுக்கு அடியிலிருந்து செங்கல் அளவில் ஒரு கருவியை எடுத்து, ஒயரை என் காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகினான். குழாயை வால்வில் திருகினான். கடகடவென்று சத்தம். ஐந்து நிமிடத்தில் டயர் எழுந்து நின்றது. டார்ச் அடித்துப் பார்த்து, "ஆணி உள்ளேயே இருக்கு சார். புடுங்காதீங்க. அதுதான் ஓட்டைய அடைச்சிட்டு இருக்கு. மெதுவா போங்க, நான் பின்னாடியே வரேன்" என்றான். 108-க்கு விவரம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வழியில் ஒருமுறை மறுபடி காற்று அடித்து, காஞ்சிபுரம் மருத்துவமனை வாசல் வரை வந்துவிட்டுத்தான் அவன் திரும்பினான். அக்காவுக்கு நெபுலைசர் வைத்தார்கள். விடியற்காலை சீராகிவிட்டாள்.

அந்தக் கருவியின் பெயர் டயர் இன்ஃப்ளேட்டர். ஊருக்குத் திரும்பியதும் ஒன்று வாங்கக் கிளம்பினேன். கடையிலும் ஆன்லைனிலும் நூறு வகை. எதை வாங்குவது என்று புரியவில்லை. கொஞ்சம் பின்னால் போய், டயருக்குள் காற்று எப்படி வந்தது, அதை அடைக்கும் வேலை யார் கைக்கெல்லாம் போயிற்று என்று படித்தேன். அதன் பிறகு தேர்வு செய்வது சுலபமாகிவிட்டது.

இரண்டு முறை கண்டுபிடிக்கப்பட்ட டயர்

காற்றடைத்த டயரை முதலில் யோசித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845-ல் பேடண்ட் வாங்கியபோது அவருக்கு வயது 23. மோட்டார் கார் பிறக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. அவர் டயரைப் போட்டது குதிரை வண்டிக்கு. ரப்பர் பூசிய துணியில் காற்றுப் பை, அதன் மேல் தோல் உறை. 1847-ல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் ஓட்டிக் காட்டினார். சத்தம் குறைந்தது, இழுவையும் குறைந்தது. ஆனால் செய்யச் செலவு அதிகம், நல்ல ரப்பர் கிடைப்பது அரிது. உலகம் அதை மறந்துவிட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தாம்சனைப் பற்றி எதுவும் தெரியாமல், அதையே மறுபடி கண்டுபிடித்தார். அவருடைய சிறு மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் குலுங்கியது. 1887-ல் ரப்பர் தகட்டைக் குழாயாக ஒட்டி, சக்கரத்தில் சுற்றி, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் நிரப்பினார். 1888-ல் பேடண்ட் வாங்கினார். அடுத்த ஆண்டே அந்த டயர் போட்ட சைக்கிள் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் முதலில் வந்தது. பிறகுதான் தாம்சனின் பழைய பேடண்ட் வெளிச்சத்துக்கு வந்து, டன்லப்பின் உரிமை செல்லாமல் போயிற்று. ஆனாலும் கம்பெனியும் பெயரும் நிலைத்துவிட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரும்புப் பட்டை போட்ட கட்டைச் சக்கரத்துக்குப் பஞ்சர் என்பதே கிடையாது. சுகமான பயணம் வேண்டும் என்று காற்றை உள்ளே வைத்த நாளிலிருந்து, அந்தக் காற்று எப்போது வெளியே போகும் என்ற கவலையும் கூடவே வந்துவிட்டது. டயர் வரலாற்றில் பாதி அந்தக் கவலையின் வரலாறுதான்.

பிரான்சில் ஒரு சைக்கிள்காரர்

டன்லப் டயர் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சரானால் பிரித்து, ஒட்டி, மறுபடி கோந்து காய வேண்டும். 1889-ல் பிரான்சின் கிளெர்மோன்–ஃபெராண் ஊரில் ரப்பர் பட்டறை வைத்திருந்த மிஷலின் சகோதரர்களிடம் ஒரு சைக்கிள்காரர் இப்படி ஒரு டயரைக் கொண்டுவந்தார். சரிசெய்ய மூன்று மணி நேரம், காய ஓர் இரவு. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் சில நூறு மீட்டரிலேயே மறுபடி இறங்கிவிட்டது. தம்பி எட்வர்ட் மிஷலினுக்கு இரண்டு விஷயம் உறைத்தது: காற்று டயர்தான் எதிர்காலம், ஆனால் அதை வழியிலேயே, யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்ட வேண்டும். 1891-ல் கழற்றக்கூடிய டயருக்குப் பேடண்ட் வாங்கினார்கள். அந்த ஆண்டே பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தூர சைக்கிள் பந்தயத்தில் அந்த டயர் வென்றது.

1895-ல் பாரிஸிலிருந்து போர்டோ போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கார் பந்தயத்தில், காற்று டயர் போட்ட காரைச் சகோதரர்கள் தாங்களே ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். குறித்த நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. ஆனாலும் வந்து சேர்ந்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் கார் என்றால் காற்று டயர் என்று ஆகிவிட்டது.

அதே காலத்தில் நியூயார்க்கில் ஆகஸ்ட் ஷ்ரேடர் என்பவர் ஒரு வால்வு செய்தார். உள்ளே சிறு ஊசி. அழுத்தினால் காற்று போகும், விட்டால் ஸ்பிரிங் மூடிக்கொள்ளும். 1893-ல் பேடண்ட். இன்று நம் பார்க்கிங்கில் நிற்கும் கார், ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இருப்பது அந்த வால்வுதான். எந்தக் கம்பெனி பம்பும் எந்தக் கம்பெனி காருக்கும் பொருந்துவது அவர் புண்ணியம். சாதாரண சைக்கிளில் இருப்பது வேறு வகை வால்வு. அதில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இருக்கும். நம் சைக்கிள் கடைகளில் "வால்டியூப்" என்று கேட்டு வாங்கினோமே, அதுதான்.

ஸ்டெப்னி என்ற பெயர்

ஆரம்பக் கார்களில் உதிரிச் சக்கரம் கிடையாது. பஞ்சரானால் சாலையோரத்தில் உட்கார்ந்து, டயரைப் பிரித்து, ட்யூபை ஒட்டி, கைப் பம்பால் நூற்றுக்கணக்கில் அடிக்க வேண்டும். கைவலி தாங்காமல் பலர் பல யுக்தி செய்தார்கள். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கருவியைத் திருகி, ஒரு சிலிண்டரையே பம்பாக்கிக் காற்று பிடித்தவர்களும் உண்டு.

1904-ல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் இருவர் ஒரு வழி கண்டார்கள். ஏற்கெனவே காற்றடித்த டயரோடு, ஆரக்கால் இல்லாத ஒரு வளையம். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் கவ்வி மாட்டிக்கொண்டு போகலாம். அவர்கள் கடை இருந்த தெரு ஸ்டெப்னி தெரு. அந்தப் பெயரையே சரக்குக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் அந்தச் சொல் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. நம் நாட்டில் லாரி கிளீனர் முதல் கலெக்டர் வரை இன்றும் "ஸ்டெப்னி" என்றுதான் சொல்கிறோம். வேல்ஸில் ஒரு தெருவின் பெயர் என் டிக்கியில் நான்கு வருடம் காற்றில்லாமல் கிடந்திருக்கிறது.

லாட ஆணியும் காந்த வண்டியும்

நம் ஊர்ப் பக்கம் வருவோம். ஐரோப்பாவில் டயரின் எதிரி குதிரை லாடத்து ஆணி. இங்கே மாட்டு லாடத்து ஆணி. சந்தைக்கும் களத்துக்கும் போகும் வண்டி மாடுகளின் குளம்பிலிருந்து விழும் ஆணிகள் சாலை முழுக்கக் கிடக்கும். அந்தச் சாலையில்தான் முதல் மோட்டார் பஸ்கள் ஓட வேண்டியிருந்தது.

திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், வக்கீலாக, ரயில்வேயில், பிறகு வங்கியில் என்று வேலை பார்த்தவர். 1911-ல் மதுரையில் தன் கம்பெனியைத் தொடங்கி பஸ் விட்டார். (வங்கி வேலையை விட்டவர் இப்படியும் ஆகலாம் என்று என் மனைவி அடிக்கடி நினைவூட்டுவாள்.) டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரம் திருத்திக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஞ்சர் ஆகிக்கொண்டே இருந்தால் எப்படி நேரத்துக்கு ஓட்டுவது? அதற்கு அவர்கள் கண்ட வழி, காந்தம் பொருத்திய ஒரு வண்டியைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கி எடுப்பது. எனக்கு இது மிகவும் பிடித்தது. நல்ல டயர் தேடவில்லை, பெரிய பம்பு தேடவில்லை. ஆணியையே போய்ப் பொறுக்கினார்கள்.

1942 தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனபின் ரப்பருக்குப் பெரும் தட்டுப்பாடு. புது டயர் கிடைப்பதே அரிது. தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் தொழில் அந்தத் தேவையில்தான் இங்கே வேர் பிடித்தது. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கினார். பலூனிலிருந்து ரீட்ரேடிங் ரப்பருக்கும், 1960-களின் தொடக்கத்தில் டயருக்கும் அந்தக் கம்பெனி வளர்ந்தது. அதுதான் எம்.ஆர்.எஃப். இன்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய டயர் தொழிற்சாலைகள் இருக்கின்றன.

காற்று விற்றுக் கடன் கட்டியவர்

என் சிறு வயதில் டயர் என்றால் சைக்கிள் டயரும் "டயர் வண்டி" என்று சொன்ன மாட்டு வண்டி டயரும்தான். ஊரில் சைக்கிள் கடை ஒன்று. வாடகைக்கு மணிக் கணக்கில் சைக்கிள். ஒரு கால் வைத்து மிதித்துக்கொண்டு இரண்டு கையால் அடிக்கும் உயரமான பம்பு. தண்ணீர் தொட்டியில் ட்யூபை அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ஒட்டுப் போடுவார்கள். நாமே அடித்துக்கொண்டால் காற்று இலவசம். கடைப் பையன் அடித்தால் ஐந்து பைசா.

1981-ல் வங்கியில் சேர்ந்தேன். முதல் கிளை உத்திரமேரூர் வட்டத்திலேயே ஒரு கிராமம். அப்போது ஐ.ஆர்.டி.பி. திட்டம் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்த புதிது. ஏழைக் குடும்பத்துக்கு மானியத்தோடு தொழில் கடன். கறவை மாடு, தையல் மெஷின், சைக்கிள் கடை என்று விண்ணப்பங்கள் வரும். ஒருவருக்கு வாடகை சைக்கிள் ஐந்தும் பம்பும் வாங்கக் கடன் போட்டோம். எழுதத் தெரியாது, கைநாட்டு. தவணை தவறியதே இல்லை. சில வருடம் கழித்து, பஸ் ரூட்டில் கடையை மாற்றிக் கம்ப்ரஷர் வாங்க மறுபடி வந்தார். "என்ன செக்யூரிட்டி?" என்று மேனேஜர் கேட்டார். "ராத்திரி எந்நேரம் வந்து கதவைத் தட்டினாலும் காத்து அடிச்சிக் குடுப்பேன் சார். அதான் என் செக்யூரிட்டி" என்றார். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடனும் முடிந்தது.

அந்தக் காலத்தின் ஏற்பாடே அப்படித்தான். பத்து கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் கடை, வாசலில் தொங்கும் பழைய டயர், பின்னால் கட்டிலில் தூங்கும் ஒருவர். நெடுஞ்சாலைகளில் கேரளாவிலிருந்து வந்தவர்கள் பலர் இரவு முழுக்கக் கடை வைத்திருந்தார்கள். நாம் பம்பு சுமக்க வேண்டியதில்லை. காற்று நமக்காக வழியில் காத்திருந்தது. கார்களில் இருந்த கால் பம்பு மெல்ல டிக்கியிலிருந்து பரணுக்குப் போனது இப்படித்தான். இப்போது சைக்கிள் கடைகள் குறைந்துவிட்டன. நம் கடைக்காரரின் பிள்ளைகள் ஒரகடத்தில் வேலைக்குப் போகிறார்கள். கடை இரவு எட்டு மணிக்கு மூடுகிறது. பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதிதான். ஆனால் கிராமச் சாலையில் இரவு பதினொரு மணிக்குப் பங்கு எங்கே?

ட்யூப் போனது, ஸ்டெப்னியும் போகிறது

இன்னொரு மாற்றமும் நடந்தது. 1946-ல் அமெரிக்காவில் பி.எஃப்.குட்ரிச் கம்பெனியின் ஃபிராங்க் ஹெர்செக் ட்யூப் இல்லாத டயரை உருவாக்கினார். 1950-களின் நடுவில் அமெரிக்கப் புதுக் கார்களில் அது வழக்கமாயிற்று. நமக்குப் பரவலாக வந்து சேர 2000-க்கு மேல் ஆயிற்று. ட்யூப் டயரில் ஆணி ஏறினால் ட்யூப் கிழிந்து, காற்று வால்வு ஓரமாகவும் ரிம் ஓரமாகவும் உடனே போய்விடும். ட்யூப்லெஸ்ஸில் ரப்பர் ஆணியையே இறுகப் பிடித்துக்கொள்ளும். காற்று கசியும், கொட்டாது. அந்தச் சரக்கு வண்டிப் பையன் ஆணியைப் பிடுங்காதே என்றது இதனால்தான்.

இந்த மெதுவான கசிவுதான் இன்ஃப்ளேட்டருக்கு வாழ்வு கொடுத்தது. ட்யூப் கிழிந்த டயரில் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. கசியும் டயரில் அடித்தால் பத்து, இருபது கிலோமீட்டர் போகலாம். ஒரு கடையை எட்டிவிடலாம்.

2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தியது. ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கண்காணிப்புக் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருக்கும் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆகவே உங்கள் அடுத்த காரில் ஸ்டெப்னி இல்லாமலே இருக்கலாம். வாங்கும்போது டிக்கியைத் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் கையிலும் பங்குக்காரர் கையிலும் இருந்த பம்பு, நூறு வருடம் சுற்றி மறுபடி நம் கைக்கே வந்துவிட்டது.

எதை வாங்குவது?

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வரி: இன்ஃப்ளேட்டர் பஞ்சரை ஒட்டாது, அடுத்த கடை வரை போக நேரம் வாங்கித் தரும். அந்த வேலைக்கு எது உதவுமோ அதை மட்டும் பார்த்தால் போதும்.

அட்டையில் பெரிதாக "150 பி.எஸ்.ஐ." என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நம் கார்களுக்குத் தேவை 30 முதல் 35 வரை. பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுத்தரக் கார் டயருக்குள் இடம் சுமார் 30 லிட்டர். முழுக்க இறங்கிய டயரில் 33 பி.எஸ்.ஐ. ஏற்ற, வெளிக்காற்றில் ஏறத்தாழ 65 லிட்டரை உள்ளே திணிக்க வேண்டும். நிமிடத்துக்கு 35 லிட்டர் பம்புக்குக் காகிதத்தில் 2 நிமிடம். அழுத்தம் ஏற ஏற வேகம் குறையும் என்பதால் நடைமுறையில் 4 அல்லது 5 நிமிடம். நிமிடத்துக்கு 12 லிட்டர் பம்பு பத்து நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். சிறிய பம்புகள் பலவற்றில் "10 நிமிடம் ஓட்டினால் ஆறவிடவும்" என்று எழுதியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்தது மின்சாரம். காரின் சிகரெட் லைட்டர் துளைக்கு 12 வோல்ட். ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். பெருக்கினால் 120 முதல் 180 வாட். அதற்கு மேல் இழுக்கும் பம்பை அங்கே செருகினால் ஃபியூஸ் போகும்; அது பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகையாக இருக்க வேண்டும். ஒயரும் குழாயும் சேர்ந்து பின் சக்கரத்தின் தூரப் பக்கம் வரை எட்டுகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். ஒட்டும்போது எஞ்சின் ஓடட்டும், ஆனால் மூடிய இடத்தில் வேண்டாம்.

ஒயரில்லாத, உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள வகை கைக்கு அடக்கம். ஸ்கூட்டருக்கும் சைக்கிளுக்கும் வசதி. ஆனால் ஆறு மாதம் சார்ஜ் செய்யாமல் கிடந்தால் தேவைப்படும் அன்று என் ஸ்டெப்னி மாதிரிதான். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் சூடு 60 டிகிரியை எட்டக்கூடும். பேட்டரிக்கு அது ஆகாது. மறதி உள்ள என்னைப் போன்றவர்களுக்கு ஒயர் வகையே நல்லது. நான் அதைத்தான் வாங்கினேன். கார் இல்லாமல் இருசக்கர வாகனம் மட்டும் வைத்திருப்பவர்கள் பேட்டரி வகை வாங்கி, வீட்டில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள்.

குறித்த அளவு வந்ததும் தானே நிற்கும் வசதி, இருட்டில் வால்வு தெரிய ஒரு விளக்கு, திருகி மாட்டும் வாய் அல்லது நெம்பிப் பூட்டும் வாய், சைக்கிளின் வால்டியூப் வால்வுக்கும் பந்துக்கும் தனித்தனி மூக்கு. இவை இருந்தால் போதும். வாங்கிய அன்றே ஒரு நல்ல பங்கில் அளந்து, நம் கருவி காட்டுவதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தால் அதன் மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.

எது முடியாது என்பதும் தெரிய வேண்டும். டயரின் பக்கவாட்டில் கிழிசல் என்றால் பம்பு உதவாது. டயரின் ஓரம் ரிம்மிலிருந்து கழன்றுவிட்டால் சிறிய பம்பால் அதை மறுபடி உட்காரவைக்க முடியாது. காற்றே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டினாலும் உள்ளே டயர் நைந்துவிடும். ஆகவே ஸ்டீயரிங் இழுத்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். காற்றடித்த பிறகு 40, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை

மறுநாள் பஞ்சர் கடையில் அந்த ஆணியைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்கள். இரண்டு அங்குல ஆணி. திருவிழாப் பந்தலில் இருந்து விழுந்ததாக இருக்கலாம். என் மேசையில் பேப்பர் வெயிட் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நம் பார்க்கிங்கில் எத்தனை ஸ்டெப்னிகளில் காற்று இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? சங்கக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்க இருக்கிறேன். ஒன்று, வாட்ச்மேன் அறையில் சங்கத்தின் செலவில் ஒரு நல்ல இன்ஃப்ளேட்டர். இரண்டு, மாதத்தின் முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், எல்லா வாகனத்துக்கும் காற்று சோதனை. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான அளவு இருக்கிறது. ஐந்தாவது சக்கரத்தையும் மறக்காமல் டிக்கியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். நான் அளவுக் கருவியோடும் ஒரு பேரேட்டோடும் கேட் பக்கத்தில் நிற்பேன்.

அக்கா நலமாக இருக்கிறாள். இப்போது போன் செய்தால், "சாப்பிட்டியாடா?" என்று கேட்ட பிறகு, "வண்டியில காத்து இருக்கா?" என்றும் கேட்கிறாள். இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐந்து சக்கரத்திலும்.